மூன்றாவது நாற்காலி

(சட்டக் கல்லூரி மாணவர்களிடையே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘உலக நாடுகளில் காவல்துறையின் அதிகாரங்கள்’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. கைது, சோதனை, துப்பாக்கி, தடியடி என்று அது ஒரு கடல். ஒரு மணி நேரத்தில் கடலைக் கடக்க முடியாது. அதனால் காவல் நிலையத்தின் ஓர் அறைக்குள் மட்டும் உங்களை அழைத்துச் செல்கிறேன். விசாரணை அறை. பிடிபட்டவரும் பிடித்தவரும் எதிரெதிரே இருக்கும் அந்த அறைக்குள் மூன்றாவதாக ஒருவரை விடலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்தால், அந்த நாட்டுச் சட்டத்தின் குணம் தெரிந்துவிடும்.

“என்னை அழைத்துச் சென்றால், நான் மறைத்து வைத்திருக்கும் இடத்தைக் காட்டி, கொலைக்குப் பயன்படுத்திய அரிவாளை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்.”

மாவட்ட நீதிமன்றத்தில் ஜூனியராக நுழைந்த முதல் மாதத்திலேயே இந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எந்தக் கொலை வழக்குக் கட்டைப் பிரித்தாலும் ஒப்புதல் வாக்குமூலத்தின் கடைசியில் இது இருக்கும். கொத்தனாரும் இதைச் சொல்லியிருப்பார், கல்லூரி மாணவரும் சொல்லியிருப்பார், தமிழே தெரியாமல் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த இளைஞரும் சொல்லியிருப்பார். எல்லோர் வாயிலும் அதே ‘ஆஜர்’. நிலையத்தில் ‘ரைட்டராக’ இருந்து ஓய்வு பெற்ற ஏட்டையா ஒருவரிடம், “எல்லாரும் எப்படிங்க ஒரே மாதிரி பேசுறாங்க?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அவங்க எங்க சார் பேசுனாங்க? எழுதுறது நான்தானே. பேரும் ஊரும் மட்டும்தான் மாறும்” என்றார்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? அதற்கு நாம் 170 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். வெகுதூரம் போக வேண்டியதில்லை, சென்னைக்குத்தான்.

கிட்டியும் அண்ணந்தாளும்

1854ஆம் ஆண்டு. சென்னை ராஜதானியில் வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்தது. அதை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மூவர் கொண்ட குழு அமைந்தது. 1855இல் அறிக்கை வந்தது. குழுவிடம் வந்து சேர்ந்த புகார்கள் 1,959.

அந்த ஆங்கில அறிக்கைக்குள் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே இடம்பிடித்தன. ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே கையையோ விரலையோ வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணந்தாள். கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, உடம்பை வில்லாக வளைத்து வெயிலில் நிறுத்துவது. மொழிபெயர்க்கச் சொல் கிடைக்கவில்லை போலிருக்கிறது. 1857இல் நியூயார்க் டெய்லி ட்ரிபியூன் இதழில் இந்த விசாரணையைப் பற்றிக் கார்ல் மார்க்ஸ் எழுதினார்.

குழு கண்ட நோயின் வேர் எளிமையானது. வரி வசூலிக்கும் தாசில்தாரே அந்த வட்டாரத்தின் போலீஸ் தலைவர். ஒரே கையில் கணக்குப் புத்தகமும் பிரம்பும். பணம் வராவிட்டாலும் அடி, திருட்டுக்கு ஆள் கிடைக்காவிட்டாலும் அடி. இரண்டையும் பிரிக்கச் சொன்னது குழு. 1859இல் சென்னை ராஜதானிக்கெனத் தனிக் காவல் சட்டம் வந்தது. 1861இல் வந்த இந்தியக் காவல் சட்டம் அதைப் பின்தொடர்ந்தது. நம் காவல்துறையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் எழுதும் இடத்தில் ‘சித்திரவதை விசாரணைக் குழு’ என்று எழுதினால் தவறில்லை.

அதே 1861இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு விதி நுழைந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியபோது அதுவே 25ஆம் பிரிவு ஆனது. போலீஸ்காரர்கள் ஏன் அடிக்கிறார்கள் என்று அனுபவசாலியான ஓர் அதிகாரி தனக்கு விளக்கியதை ஸ்டீபன் பிற்பாடு பதிவு செய்திருக்கிறார். எல்லாம் சோம்பல்தான் காரணம் என்றாராம் அந்த அதிகாரி. வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஒருவன் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தேய்ப்பது சுகமாம். சித்திரவதைக்குக் கொடூரம்தான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். வேலைக்கு அது ஒரு குறுக்குவழி என்று அந்த அதிகாரி கண்டுபிடித்திருந்தார்.

ஆனால் இந்தத் தடைச் சுவரை எழுப்பியவர்களே அதில் ஒரு ஜன்னலும் வைத்தார்கள். 27ஆம் பிரிவு. போலீஸ் காவலில் இருப்பவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேராக இட்டுச் சென்ற பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்கலாம். 1946இல் புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் அந்த ஜன்னலின் அளவைக் கறாராக வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் சுவர், ஜன்னல் இரண்டும் 23ஆம் பிரிவுக்குள் குடிபெயர்ந்திருக்கின்றன. அளவு மாறவில்லை.

ஏட்டையாவின் வாக்கியம் இப்போது புரிகிறதல்லவா? அது அந்த ஜன்னலின் அளவுக்குத் தைத்த சட்டை. “நான்தான் வெட்டினேன்” என்பது செல்லாது. “அழைத்துச் சென்றால் எடுத்துத் தருகிறேன்” என்பது செல்லும். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் மகஜரில் கையெழுத்துப் போடுவார்கள். அரிவாள் புதரிலிருந்து வரும். அது உண்மையாகவே புதரில் கிடந்த அரிவாளாக இருக்கலாம், பல வழக்குகளில் அப்படித்தான். இல்லாமலும் இருக்கலாம். எது எந்த வழக்கு என்று பிரித்துச் சொல்ல அந்த அறைக்குள் மூன்றாவது ஆள் ஒருவரும் இருந்ததில்லை.

நம் சட்டத்தின் விசித்திரம் இதுதான். போலீஸ்காரர் எழுதிய காகிதத்தை 160 ஆண்டுகளுக்கு மேலாக அது நம்ப மறுக்கிறது. அந்தக் காகிதம் எழுதப்படும் அறையின் கதவை மட்டும் அது தட்டவே இல்லை. வேறு சில நாடுகள் காகிதத்தை நம்பின, பட்டன, பிறகு கதவைத் திறந்தன.

ஒரு சார்ஜெண்டும் இரண்டு ஒலிநாடாக்களும்

முதலில் இங்கிலாந்து. நம் 25ஆம் பிரிவு போன்ற தடை அங்கே கிடையாது. நமக்குத் தடை எழுதித் தந்தவர்கள் தங்கள் ஊர் கான்ஸ்டபிளை நம்பினார்கள். மனமுவந்து கொடுத்த வாக்குமூலம் என்றால் செல்லும். 1912இல் நீதிபதிகள் சில விதிகளை வகுத்தார்கள். அவை அறிவுரைகள், சட்டங்கள் அல்ல.

1972 ஏப்ரலில் லண்டனின் கேட்ஃபோர்ட் பகுதியில் தீப்பிடித்த ஒரு வீட்டில் மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவர் கொலையுண்டு கிடந்தார். 18, 15, 14 வயதுப் பையன்கள் மூவர் பிடிபட்டார்கள். மூத்தவன் மனவளர்ச்சி குன்றியவன். பெற்றோரும் இல்லை, வக்கீலும் இல்லை, விசாரித்தார்கள். மூவரும் ஒப்புக்கொண்டார்கள். தண்டனை கிடைத்தது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பையன்கள் ‘ஒப்புக்கொண்ட’ கதை மருத்துவச் சாட்சியத்தோடு பொருந்தவில்லை.

அந்த ஒரு வழக்கிலிருந்து ஒரு விசாரணை, அதிலிருந்து ஓர் அரச ஆணையம், அதிலிருந்து 1984ஆம் ஆண்டின் காவல்துறை மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டம். 1986 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

அதில் எனக்குப் பிடித்தது ‘காவல் பொறுப்பு அதிகாரி’ என்ற ஏற்பாடு. சார்ஜெண்ட் தரத்தில் ஒருவர். அவரும் போலீஸ்காரர்தான். ஆனால் அந்த வழக்கின் புலன்விசாரணையில் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது. பிடித்து வந்தவரை உள்ளே வைக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பவர் அவர். எப்போது சாப்பாடு, எப்போது தூக்கம், யார் பார்க்க வந்தார்கள், எந்த நேரம் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள் என்று ஒரு பதிவேடு எழுதுகிறார். ஒரு நாளில் எட்டு மணி நேரத் தொடர் ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஆறு மணி நேரத்தில் ஒரு மறுஆய்வு, பிறகு ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை. 24 மணி நேரத்தில் குற்றம் சாட்ட வேண்டும் அல்லது விட வேண்டும். கடுமையான குற்றம் என்றால் கண்காணிப்பாளர் 36 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் நீதிமன்றத்திடம் போக வேண்டும், உச்சவரம்பு 96. வக்கீல் இலவசம்.

பிறகு ஒலிப்பதிவு வந்தது. அந்நாளில் இரண்டு நாடாக்கள் ஓடும். விசாரணை முடிந்ததும் ஒன்றைப் பிடிபட்டவர் கண்முன்னேயே முத்திரையிடுவார்கள். பின்னால் சந்தேகம் வந்தால் நீதிமன்றத்தில் அந்த முத்திரையை உடைத்துக் கேட்கலாம்.

காவல்துறை பதறியது. இனிக் குற்றவாளி ஒருவனும் வாய் திறக்க மாட்டான் என்றார்கள். இதற்கிடையே 1989இல் கில்ட்ஃபோர்ட் நால்வர் விடுதலை ஆனார்கள். 1974 குண்டுவெடிப்பு வழக்கில் வாக்குமூலத்தை நம்பி அவர்களுக்கு ஆயுள் தண்டனை தந்திருந்தது நீதிமன்றம். விசாரணையின்போதே கையால் எழுதியவை என்று போலீஸ் காட்டிய குறிப்புகளுக்கு, திருத்தங்களோடு கூடிய தட்டச்சுப் படி ஒன்று கோப்பிலேயே கிடைத்தது. நம் ஏட்டையா அங்கேயும் இருந்திருக்கிறார்.

நாடாக்களைப் போட்டுக் கேட்டபோது இன்னொன்றும் தெரியவந்தது. பல அதிகாரிகளுக்குக் கேள்வி கேட்கவே தெரியவில்லை. முடிவை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டு, அதை எதிராளி வாயிலிருந்து பிடுங்குவதைத்தான் விசாரணை என்று நினைத்திருந்தார்கள். 1992 முதல் அவர்களுக்குப் புதிய பயிற்சி தொடங்கியது. ஒப்புதலைப் பெறுவது இலக்கு இல்லை, தகவலைப் பெறுவதே இலக்கு. நடந்ததை அவரே சொல்லட்டும், குறுக்கிடாதே. பிறகு உன்னிடம் உள்ள சாட்சியத்தை எதிரே வை. 2021இல் வெளியான ‘மெண்டெஸ் கொள்கைகள்’ என்ற சர்வதேச வழிகாட்டுதல்கள் இந்த முறையைத்தான் உலகத்துக்கே பரிந்துரைக்கின்றன. கதவைத் திறந்ததால் இங்கிலாந்துப் போலீஸின் திறமை கூடியது. அவர்கள் பயந்ததற்கு நேர்மாறு.

ஒரு சீட்டு

அமெரிக்கா அறையின் அந்த மூன்றாவது நாற்காலியில் ஓர் அட்டையை வைத்தது. ‘பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு’ என்று சினிமாவில் கேட்டிருப்பீர்களே, அதுதான். 1966 ஜூன் 13, மிராண்டா வழக்கு. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் எர்னெஸ்டோ மிராண்டா என்பவர் இரண்டு மணி நேர விசாரணையில் கொடுத்த வாக்குமூலம் செல்லாது போனது. போலீஸிடம் கொடுத்த அந்த வாக்குமூலம் இல்லாமலேயே மறுவிசாரணை நடத்தி 1967இல் அவருக்கு மீண்டும் தண்டனை வாங்கினார்கள். அடியும் போலீஸ் வாக்குமூலமும் இல்லாவிட்டால் வழக்கு விழுந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இந்தப் பின்கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அட்டையைப் படித்துக் காட்டி, அவரும் ‘சரி, பேசுகிறேன்’ என்றுவிட்டால், அதற்குப் பிறகு அங்கே பொய்க்குத் தடையில்லை. “உன் கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிட்டான்” என்று போலீஸ் பொய் சொல்லலாம். 1969இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டபோது பிடிபட்டவர்கள் 14 முதல் 16 வயதுப் பையன்கள். பல மணி நேர விசாரணைக்குப் பின் நால்வர் கேமரா முன்னால் ஒப்புக்கொண்டார்கள். கேமராவை இயக்கியது கடைசியில்தான், அதற்கு முன்பு நடந்தது எதுவும் பதிவாகவில்லை. 2002இல் மரபணுச் சோதனையும் உண்மைக் குற்றவாளியின் ஒப்புதலும் சேர்ந்து ஐந்து பேரின் தண்டனையையும் ரத்து செய்ய வைத்தன. சிறுவர்களிடம் போலீஸ் பொய் சொல்வதற்கு 2021இல் இல்லினாய் மாநிலம் தடை கொண்டுவந்தது. அதுதான் முதல் மாநிலம்.

கேமராவும் ஒரு சாட்சிதான். அது எந்த நிமிடம் அறைக்குள் வந்தது என்று குறுக்கு விசாரணை செய்யாமல் அதை நம்பக் கூடாது.

பாரிஸும் டோக்கியோவும்

பிரான்சின் மரபு வேறு. அங்கே போலீஸின் புலன்விசாரணையை அரசு வழக்குரைஞரோ, பெரிய வழக்கென்றால் விசாரணை நீதிபதியோ வழிநடத்துவார். மேலே நீதித்துறை ஆள் இருக்கிறாரே, அறைக்குள் வக்கீல் எதற்கு என்று நீண்ட காலம் இருந்துவிட்டார்கள். வக்கீல் அரை மணி நேரம் பார்த்துப் பேசிவிட்டுப் போய்விட வேண்டும். 2009இல் மட்டும் 7,90,000க்கு மேற்பட்ட முறை மக்கள் போலீஸ் காவலில் வைக்கப்பட்டார்கள். விதிவிலக்காக இருக்க வேண்டியது வாடிக்கை ஆகிவிட்டது என்று கண்டு, 2010 ஜூலை 30 அன்று அரசமைப்பு மன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. 2011 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்தது. விசாரணை நேரத்தில் வக்கீல் பக்கத்தில் உட்காரலாம். மறுநாளே அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம், சட்டம் அமலுக்கு வரும் நாள்வரை காத்திருக்க வேண்டாம், உடனே அமல்படுத்துங்கள் என்றது.

ஜப்பானில் வக்கீலுக்கான அந்த நாற்காலி இன்றும் காலி. போலீஸுக்கு 48 மணி நேரம், அரசு வழக்குரைஞருக்கு 24 மணி நேரம், பிறகு நீதிபதியின் அனுமதியோடு பத்து நாள், இன்னும் ஒரு பத்து நாள். ஆக 23 நாள், ஒரு குற்றச்சாட்டுக்கு. வக்கீல் தனியாகப் பார்த்துப் பேசலாம், விசாரணை நடக்கும்போது கூட இருக்க முடியாது. அந்நாட்டு அரசமைப்பின் 38ஆம் பிரிவு, ஒப்புதலை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. காகிதத்தில் அழகான விதி.

இவாவோ ஹகமடா என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரரைக் கேளுங்கள். 1966இல் ஷிஸுவோகா மாகாணத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 18 அன்று இவரைக் கைது செய்தார்கள். நாள்தோறும் பல மணி நேர விசாரணை. இருபதாவது நாள் ஒப்புக்கொண்டார். மொத்தம் 45 வாக்குமூலங்கள். நீதிமன்றம் 44ஐ ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றையும் பிற்பாடு ஊறுகாய்த் தொட்டி போன்ற மிசோ தொட்டியில் ‘கிடைத்த’ ரத்தக்கறைத் துணிகளையும் வைத்து 1968இல் மரண தண்டனை விதித்தது. 2014இல்தான் வெளியே வந்தார். 2024 செப்டம்பர் 26 அன்று, அவருடைய 88ஆவது வயதில், அதே ஷிஸுவோகா மாவட்ட நீதிமன்றம் அவரை நிரபராதி என்றது. ஒப்புதலும் துணிகளும் புனையப்பட்டவை என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நாற்பத்தைந்தில் நாற்பத்து நான்கு ஓட்டை என்று கண்ட நீதிமன்றத்துக்கு, அந்த நாற்பத்தைந்தாவது எந்த அறையில் பிறந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஜெர்மனி தந்த கடினமான கேள்வி

“எல்லாம் சரி சார். ஒரு குழந்தையைக் கடத்தி வைத்திருக்கிறான், சொல்ல மாட்டேன் என்கிறான். அப்பவும் வக்கீல், டேப் ரிகார்டர்னு பேசுவீங்களா?” இந்தக் கேள்வி எல்லா மேடையிலும் வரும். இது கற்பனைக் கேள்வி இல்லை. 2002இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்தது. 11 வயதுச் சிறுவனைக் கடத்திப் பணம் பறித்த சட்ட மாணவன் பிடிபட்டான். சொல்லாவிட்டால் தாங்க முடியாத வலி தரப்படும் என்று மிரட்டச் சொல்லி உத்தரவிட்டார் நகரத்தின் துணைக் காவல் தலைவர். தான் உத்தரவிட்டதை அவரே கோப்பிலும் எழுதி வைத்தார். அவன் சொல்லிவிட்டான். ஆனால் சிறுவன் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தான்.

ஜெர்மனியின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 136அ என்றொரு பிரிவு உண்டு. நாஜி ஆட்சியைப் பார்த்த நாடு 1950இல் எழுதிக்கொண்டது. அடி, பட்டினி, தூக்கமின்மை, மிரட்டல், ஏமாற்று எதுவும் கூடாது. விசாரிக்கப்பட்டவரே பின்னால் சம்மதித்தாலும் அந்த வாக்குமூலம் செல்லாது. நீதிமன்றம் மிரட்டலில் கிடைத்த வாக்குமூலத்தை ஒதுக்கியது. விசாரணை மன்றத்தில் அவன் புதிதாகக் கொடுத்த ஒப்புதலைக் கொண்டு ஆயுள் தண்டனை தந்தது. அதோடு நிற்கவில்லை. உத்தரவிட்ட அதிகாரியையும் கூண்டில் ஏற்றிக் குற்றவாளி என்றது. தண்டனை மிக லேசானதுதான், எச்சரிக்கையோடு நிறுத்திவைத்த ஓர் அபராதம். அதுவும் போதாது என்று 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது.

அந்த அதிகாரியின் தவிப்பு எனக்குப் புரிகிறது. என் வீட்டுக் குழந்தை என்றால் நானும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் அவர் தன் பெயரைப் போட்டுக் கோப்பில் எழுதினார், அதற்கான விலையைக் கொடுத்தார். நம்மூரில் அப்படி எழுதிய ஒரு கோப்பையும் நான் பார்த்ததில்லை. நாம் எழுதுவது ‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்’ என்று. கைதானவர் மாவுக்கட்டோடு கும்பிடும் படம் கைபேசிகளில் சுற்றுகிறது, நாம் சிரிக்கிறோம். காவல் நிலையக் கழிவறைகளின் தரை மட்டும் ஏன் அப்படி வழுக்குகிறது என்று பொதுப்பணித் துறையை யாரும் கேட்டதில்லை.

சுவரை இடித்தபோது

நம் 25ஆம் பிரிவுச் சுவரையும் சில சட்டங்கள் இடித்தன. 1987இன் தடா சட்டம், காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதல் செல்லும் என்றது. 2002இன் பொடாவும் அப்படியே. இரண்டும் போய்விட்டன. மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இன்றும் உண்டு.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் கைதான பேரறிவாளனின் வாக்குமூலம் தடாவின் கீழ் பதிவானது. ஒன்பது வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்ததாக அதில் இருந்தது. அவற்றை எதற்காக வாங்கச் சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, பதிவு செய்த அதிகாரியே ஓய்வுக்குப் பிறகு 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பதால் வரும் கேட்டைப் பேசுகிறோம். ஒரு வாக்கியத்தை விடுவதாலும் முப்பது ஆண்டுகள் போகும்.

கடல் தாண்டிப் பாருங்கள். இலங்கையின் 1895ஆம் ஆண்டு சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே 25ஆம் பிரிவு, அதே தடை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதன் 16ஆம் பிரிவால் தடையைத் தகர்த்தது. உதவிக் காவல் அத்தியட்சகர் பதிவு செய்த ஒப்புதல் செல்லும், அது கட்டாயத்தில் பெற்றது என்று நிரூபிக்க வேண்டியது கைதியின் பொறுப்பு. 1993இல் கைதான சிங்கராசா என்ற தமிழருக்குச் சிங்களம் தெரியாது. ஒரு போலீஸ்காரர் மொழிபெயர்க்க, சிங்களத்தில் தட்டச்சான வாக்குமூலத்தில் அவருடைய கைநாட்டு. தண்டனை 50 ஆண்டு, மேல்முறையீட்டில் 35. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அது நியாயமான விசாரணை இல்லை என்றது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஏற்க மறுத்தது. நான் முதலில் சொன்ன ‘ஆஜர்’ வாக்கியத்துக்கு வருகிறேன். தமிழே தெரியாமல் வடக்கிலிருந்து வந்த இளைஞர் ‘ஆஜர்படுத்துகிறேன்’ என்று தமிழில் சொன்னதாக எழுதும்போது, நாம் சிங்கராசாவுக்கு நடந்ததைத்தான் இங்கே செய்துகொண்டிருக்கிறோம்.

நம் அறை

நம்மிடம் சட்டம் இல்லையா? நிறைய இருக்கிறது. அரசமைப்பின் 20(3), 22ஆம் பிரிவுகள் இருக்கின்றன. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர், விசாரணையின்போது வக்கீலை வைத்துக்கொள்ள விரும்புகிறவரைத் தடுக்காதீர்கள் என்றார். 1996இல் டி.கே. பாசு வழக்கில் பதினோரு கட்டளைகள் வந்தன. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையத்திலும் ஒலியோடு கூடிய கண்காணிப்புக் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

ஆனால் இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38ஆம் பிரிவைப் படியுங்கள். கைதானவர் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ‘விசாரணை நேரம் முழுவதும் அல்ல’. நாற்காலியைக் கதவுக்கு வெளியே போட்டிருக்கிறார்கள். அதே சட்டத்தின் 187ஆம் பிரிவு, பதினைந்து நாள் போலீஸ் காவலை முதல் நாற்பது அல்லது அறுபது நாள்களில் துண்டு துண்டாகவும் எடுக்க வழி செய்திருக்கிறது. ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டோம், இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா காலாவதி ஆகிவிட்டது.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்ட ஒரு தந்தையும் மகனும் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதிய அறிக்கையில் ஒரு தகவல் இருந்தது. நிலையத்தில் கேமரா இருந்தது, சேமிப்புக்குப் போதிய இடமும் இருந்தது. பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். கருவி இருந்தால் போதாது, அதன் சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி. 1855இல் கணக்குப் புத்தகமும் பிரம்பும் ஒரே கையில் இருந்தன. இன்று கேமராவும் லத்தியும் ஒரே கையில் இருக்கின்றன.

காவலர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பந்தோபஸ்து, நீதிமன்றப் பணி, மேலதிகாரியின் நெருக்கடி, வார விடுப்பு எளிதில் கிடைக்காத வேலை. ‘நாளைக்குள்ள ஆள் வேணும்’ என்று மேலிருந்து போன் வந்தால் ஆய்வாளர் எங்கே போவார்? தடயவியல் அறிக்கைக்குக் காத்திருக்க அவருக்கு அவகாசம் தருவது யார்? அன்று சென்னை அறிக்கை கண்டதும் இதையேதான். கிட்டியைப் பிடித்த கை கீழே இருந்தது, வசூல் கணக்கு கேட்ட குரல் மேலே இருந்தது. கீழே உள்ள கையை மட்டும் தண்டித்து முடிவுக்கு வர முடியாது.

ஆகவே நான் கேட்பது மூன்றே மூன்று. கைதியின் பொறுப்பும் புலன்விசாரணைப் பொறுப்பும் ஒருவரிடமே இருக்கக் கூடாது. விசாரணையின் முதல் நிமிடத்திலிருந்து ஒலி-ஒளிப்பதிவு வேண்டும், அதன் சேமிப்பு நிலையத்துக்கு வெளியே, நீதித்துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும். 38ஆம் பிரிவில் உள்ள ‘முழுவதும் அல்ல’ என்ற சொற்களை நீக்க வேண்டும். இவற்றில் எதுவும் கனவு இல்லை. வேறு வேறு நாடுகளில் பல்லாண்டுகளாக நடப்பவை.

சட்டம் திருந்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கைதுக்கு முன்பும், கைதின்போதும், ரிமாண்ட் நேரத்திலும் இலவச வக்கீல் தருவதற்கு 2019இல் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் வழிமுறை வகுத்திருக்கிறது. உதவி எண் 15100. உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெயரைப் பதியுங்கள். இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வந்தால் எழுந்து போங்கள். ‘அப்புறமா வாங்க சார்’ என்பார்கள். போய்விடாதீர்கள். உள்ளே விடாவிட்டால் வராந்தாவில் உட்காருங்கள், வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கைதானவரைப் பெயர் சொல்லி விசாரியுங்கள். வெளியே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது உள்ளே தெரிய வேண்டும்.